உறக்க மூச்சுத்தடைக்கு இயலாமை இழப்பீடு: அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் எதை நிரூபிக்க வேண்டும்?

அமெரிக்க ராணுவத்திலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கழித்து, ஒருவர் தமக்கு 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய் இருப்பதை அறிகிறார். பரிசோதனையில் நோய் உறுதியாகிவிட்டது. இரவுதோறும் சுவாசக் கருவியின் துணையுடனேயே உறங்குகிறார். ஆயினும், இயலாமை இழப்பீடு கோரி அவர் அளிக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை, நோய் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. அது ராணுவப் பணியோடு தொடர்புடையதா என்றும் கேட்கிறது. சிக்கல் தொடங்குவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோயின் பரவலான வடிவம். ஒவ்வொரு தடையும் 10 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும். மூச்சுக்காக மூளை உறக்கத்தைக் கலைக்கும். விடிந்தபின் நோயாளிக்கு அது நினைவில் இருப்பதில்லை. மணிக்கு 5 முறைக்குக் குறையாமல் இவ்வாறு நேர்ந்தால் நோய் எனக் கொள்ளப்படுகிறது. 30 முறை அல்லது அதற்கு மேற்பட்டால் கடுமையானது. உரத்த குறட்டையை முதலில் கவனிப்பவர் நோயாளி அல்லர், அருகில் படுத்திருப்பவரே. இழப்பீட்டு வழக்குகளில் இது முக்கியமாகிறது.

நலத்துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் இந்நோய்க்கான குறியீட்டு எண் 6847. நோய் பதிவாகியும் அறிகுறி இல்லையெனில் 0 சதவீதம். பகலில் தொடர்ந்து தூக்கக் கலக்கம் இருந்தால் 30. சீபேப் போன்ற சுவாசக் கருவி மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டால் 50. கரியமில வாயு தேங்கும் நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு, நுரையீரல் பாதிப்பால் நேரும் இதயச் செயலிழப்பு, தொண்டையில் துளையிட்டுச் சுவாசிக்க வேண்டிய நிலை ஆகியவற்றுக்கு 100. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற கணக்குக்கு இந்த அட்டவணையில் இடமில்லை என்பது சற்று விந்தையானது. மிதமான நோயும் கடுமையான நோயும், கருவி தேவைப்பட்டால், ஒரே 50 சதவீதத்தைப் பெறுகின்றன.

2025-ஆம் ஆண்டு விகிதப்படி, சார்ந்திருப்போர் இல்லாத ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மாதம் 537.42 டாலரும், 50 சதவீதத்துக்கு 1,102.04 டாலரும், 100 சதவீதத்துக்கு 3,831.30 டாலரும் வரியின்றி வழங்கப்பட்டன. 50 சதவீதத்தை எட்டுபவர் நலத்துறை மருத்துவமனைகளில் முதல் முன்னுரிமைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். 20 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவராயின், ஓய்வூதியத்தில் பிடித்தமின்றி இழப்பீட்டையும் முழுமையாகப் பெறும் தகுதி அவருக்குக் கிடைக்கிறது. எனவேதான் இந்த ஒரு படிநிலை மீது இவ்வளவு விவாதம்.

தொடர்பை நிறுவும் வழிகள்

விண்ணப்பதாரர் மூன்றைக் காட்ட வேண்டும்: உறக்கப் பரிசோதனையால் உறுதியான நோய், பணிக்காலத்தில் நேர்ந்த நிகழ்வு அல்லது அறிகுறி, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. குறட்டை மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. அதே சமயம், பணிக்கால மருத்துவக் கோப்பில் நோயின் பெயர் இல்லாததும் விண்ணப்பத்தை முடித்துவிடுவதில்லை. படைமுகாமில் உடன் தங்கியவரோ வாழ்க்கைத் துணையோ, அவர் உரக்கக் குறட்டை விட்டதையும் மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்ததையும் எழுத்து வாக்குமூலமாக அளிக்கலாம். கண்டதைக் கூற அவர்களுக்குத் தகுதி உண்டு. அது இன்ன நோய் என்று கூறுவது மருத்துவரின் பணி. மருத்துவக் கருத்திலும் முழு உறுதி கோரப்படுவதில்லை. பணியால் நோய் ஏற்பட்டிருக்க, ஏற்படாமலிருப்பதற்குச் சமமான வாய்ப்பேனும் உண்டு என்றால் போதும். சான்றுகள் இருபுறமும் சமநிலையில் இருந்தால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே. ஆனால் காரணம் விளக்காத ஒருவரிச் சான்றிதழுக்கு மதிப்பு குறைவு.

பணிக்காலச் சான்று கிடைக்காதோர் நாடுவது மறைமுகத் தொடர்பு. ஏற்கெனவே பணித் தொடர்புடையதென ஏற்கப்பட்ட வேறொரு நோய், மூச்சுத்தடையை உண்டாக்கியது அல்லது மோசமாக்கியது என்று நிறுவுவதே இவ்வழி. முழங்கால் காயத்தால் நடமாட்டம் குறைந்து உடல் பருத்து, அதனால் மூச்சுத்தடை வந்தது என்பது ஒரு வாதம். உடற்பருமன் தனியே இயலாமையாகாது. ஆயினும் இடைப்பட்ட கண்ணியாக அதைக் கருதலாம் என்று நலத்துறையின் தலைமைச் சட்ட அலுவலகம் 2017-இல் தெளிவுபடுத்தியது.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பாக்ட் சட்டம், திறந்தவெளி எரிகுழிகளின் புகையைச் சுவாசித்தோருக்குப் பல நோய்களைப் பணித் தொடர்புடையவையாக அனுமானிக்க வழிசெய்தது. அப்பட்டியலில் உறக்க மூச்சுத்தடை இல்லை. ஆஸ்துமா, நாள்பட்ட மூக்கழற்சி, சைனஸ் அழற்சி ஆகியவை உண்டு. அவற்றின் வழியே மறைமுகத் தொடர்பு கோரலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஸ்துமாவும் மூச்சுத்தடையும் சேர்ந்திருந்தால், விதிப்படி இரண்டுக்கும் தனித்தனி சதவீதம் தரப்படாது. மேலோங்கிய ஒன்றுக்கே மதிப்பீடு. மூக்கழற்சிக்கு இந்தத் தடை இல்லை.

பிற இயலாமைகளுடன் சேர்க்கும்போதும் நேரடிக் கூட்டல் இல்லை. 50 சதவீதத்துடன் 30 சதவீதம் சேர்ந்தால், எஞ்சிய 50-இல் 30 சதவீதமான 15 மட்டுமே கூடும். 65 என வரும் அத்தொகை 70 ஆக முழுமையாக்கப்படும்.

முன்மொழியப்பட்ட மாற்றம்

கருவி பயன்படுத்துவதற்கே 50 சதவீதம் என்ற முறையை மாற்றும் வரைவை நலத்துறை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்படி, சிகிச்சையால் அறிகுறிகள் முற்றிலும் நீங்கினால் 0 சதவீதம். ஓரளவே நீங்கினால் 10. சிகிச்சை பலனளிக்காவிட்டாலோ, வேறு நோயினால் கருவியைப் பயன்படுத்த இயலாவிட்டாலோ 50. அத்துடன் உடலுறுப்புப் பாதிப்பும் இருந்தால் 100. நோயின் பெயருக்கன்றி எஞ்சும் பாதிப்புக்கே இழப்பீடு என்பது இதன் தர்க்கம். வாழ்நாள் முழுதும் முகமூடியுடன் உறங்குவதே ஒரு பாதிப்பு என்பது எதிர்வாதம். கருவியை ஓரிரவு கழற்றினாலும் நோய் திரும்பும் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அட்டவணை மாறினாலும், உடல்நிலை மேம்பட்டதாகக் காட்டப்பட்டாலன்றி, ஏற்கெனவே பெறும் சதவீதத்தை அம்மாற்றத்தின் பெயரால் குறைக்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை.

விண்ணப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே பதிவு செய்தால், ஆவணங்களைத் திரட்ட ஓராண்டு அவகாசம் கிடைக்கும். கோரிக்கை ஏற்கப்பட்டால், பதிவு செய்த நாளையே கணக்கிட்டு நிலுவை பெற இயலும். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரக் கட்டணம் வசூலிக்கச் சட்டத்தில் அனுமதி இல்லை. அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகள் இதை இலவசமாகவே செய்கின்றன. நிராகரிக்கப்பட்டால், 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள முறைப்படி மூன்று வழிகள் உண்டு: புதிய சான்றுடன் துணை விண்ணப்பம், மூத்த அலுவலரின் மறுஆய்வு, மேல்முறையீட்டு வாரியம். மறுஆய்வில் புதிய சான்று ஏற்கப்படாது. ஆகவே மருத்துவக் கருத்து இல்லாமல் தோற்றவருக்குத் துணை விண்ணப்பமே பொருத்தமானது; அதை முடிவு வந்த ஓராண்டுக்குள் அளித்தால் முந்தைய தேதி கைவிட்டுப் போகாது.