பெயர் இழந்த நிரலும் பெயரிட்டவர்களும்: மைன்கிராஃப்ட் மாற்றுநிரல்களின் வரலாறு

2010, 2011ஆம் ஆண்டுகளில் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் 'மாட்' எனப்படும் மாற்றுநிரல் ஒன்றைச் சேர்ப்பது எளிய வேலையன்று. ஆட்டத்தின் நிரல் முழுவதும் மைன்கிராஃப்ட்.ஜார் என்னும் ஒரே சுருக்கக் கோப்பில் இருந்தது. விளையாடுபவர் அதனை வின்ரார், 7-ஜிப் போன்ற மென்பொருளில் திறந்து, மாற்றுநிரலாளர் அளித்த கிளாஸ் கோப்புகளை அதனுள் இட்டு, அங்கிருந்த பழைய கோப்புகள் சிலவற்றின் மேல் எழுத வேண்டும். மெட்டா-இன்ஃப் என்னும் கோப்புறையையும் மறவாமல் நீக்க வேண்டும். கோப்புகள் திருத்தப்படவில்லை என்பதற்கான கையொப்பச் சான்று அதில் இருந்தமையால், நீக்க மறந்தவருக்குக் கருந்திரையே மிஞ்சும். இவ்வளவும் செய்தவர் தம் கையால் உள்ளே இட்ட கோப்புகள் பலவற்றின் பெயர்களோ ஏ, பிபி, எல்ஒய் என்பன போன்ற பொருளற்ற ஓரிரு எழுத்துகள்.

அவ்வெழுத்துகள் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குப் பொருள் கண்டவர்கள் யார்? அப்பொருளுக்கு உரிமை யாருடையது? மைன்கிராஃப்ட் மாற்றுநிரல்களின் வரலாறு வழக்கமாகப் புகழ்பெற்ற ஆக்கங்களின் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. அப்பட்டியலுக்கு அடியில் பெயரிடுதலின் வரலாறு ஒன்று ஓடுகிறது. மேற்கண்ட மூன்று கேள்விகளும் அதனைச் சேர்ந்தவை.

சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் மைன்கிராஃப்டின் முதல் பொதுப் பதிப்பை வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. வென்றாக வேண்டிய இலக்கு எதையும் விதிக்காமல், கட்டவும் இடிக்கவும் ஓர் உலகை மட்டும் கொடுத்துவிடும் 'சாண்ட்பாக்ஸ்' வகை ஆட்டம் இது. அவ்வுலகின் விதிகளையே மாற்ற வேண்டும் என்னும் ஆசை விளையாடுவோருக்கு விரைவிலேயே எழுந்தது. ஆட்டம் ஜாவா மொழியில் எழுதப்பட்டிருந்தது அதற்குத் துணைசெய்தது. ஜாவா நிரல் இயந்திர மொழிக்கு நேரடியாக மாற்றப்படுவதில்லை. பைட்கோடு என்னும் இடைநிலை வடிவத்தில் நிற்கிறது. நிரலின் பகுதிகள் ஒன்றையொன்று பெயரால் அழைத்துக்கொள்வதால், கிளாஸ், மெத்தட் ஆகியவற்றின் பெயர்கள் அவ்வடிவத்திலும் தங்கிவிடுகின்றன. எனவே அதனை மீண்டும் படிக்கத்தக்க நிரலாக மீட்டெடுப்பது ஒப்பீட்டளவில் எளிது.

இதனை அறிந்த மோஜாங் நிறுவனம், வெளியிடுமுன் புரோகார்டு என்னும் கருவியால் பெயர்களை மறைத்தது. நிரலின் செயல் சிறிதும் மாறாது. பெயர்கள் மட்டும் ஏ, பி, சி என்று சுருங்கிவிடும். நன்னூலின் சொற்களில் கூறினால், காரணப்பெயர்கள் அனைத்தும் இடுகுறிப்பெயர்களாக்கப்பட்டன. அவ்விடுகுறிகளும் நிலையானவையல்ல. ஒரு பதிப்பில் 'எல்ஒய்' என நின்றது அடுத்த பதிப்பில் வேறோர் எழுத்தாக மாறிவிடும். ஒவ்வொரு புதிய பதிப்பும் மாற்றுநிரலாளருக்கு அறியாத மொழியொன்றாகவே வந்து சேர்ந்தது.

இச்சிக்கலுக்கு 2010இல் விடையாக வந்தது எம்சிபி என்னும் கருவித்தொகுப்பு. 'சியர்ஜ்' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர் இதனைத் தொடங்கினார். பின்னாளில் அவர் மோஜாங்கிலேயே பணியில் சேர்ந்தார். எம்சிபி பெயர்களை இரண்டு அடுக்குகளாக மீட்டது. முதல் அடுக்கில், ஒவ்வோர் உறுப்புக்கும் பதிப்புதோறும் மாறாத ஓர் அடையாளம்: 'ஃபீல்டு_70165_டி' என்பது போல. இதுவும் இடுகுறியே, ஆனால் நிலைத்த இடுகுறி. இரண்டாம் அடுக்கில், அவ்வடையாளத்துக்கு மனிதர் படிக்கத்தக்க பெயர். மேற்கண்ட உறுப்பு ஓர் உயிரியோ பொருளோ உலகில் நிற்கும் இடத்தின் கிழக்கு-மேற்கு அளவைக் குறிப்பது எனக் கண்டறியப்பட்டு, 'பாஸ்-எக்ஸ்' எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் அடுக்கை நிரப்பியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். நிரலின் ஒரு பகுதி என்ன செய்கிறது என்பதை, அது எங்கெங்கே அழைக்கப்படுகிறது, அழைத்தபின் என்ன மாறுகிறது என்பதைக் கொண்டு ஊகிப்பார்கள். பிறகு ஐஆர்சி அரட்டை அறையில் இயங்கிய தானியங்கியிடம் அப்பெயரைப் பதிவு செய்வார்கள். வழக்கிடங்களைத் தொகுத்து அறியாச் சொல்லின் பொருளைத் துணியும் அகராதியாளரின் முறையும் இதுதான். எம்சிபி மோஜாங்கின் நிரலைப் பகிரவில்லை. நிரலை மீட்கும் கருவியையும் பெயர்ப்பட்டியலையும் மட்டுமே பகிர்ந்தது. மூலநூல் அவரவர் கையில் இருக்க, நிகண்டு மட்டும் பொதுவில் புழங்கியது.

பொதுப்பெயர்கள் கிடைத்தபின்னும் மாற்றுநிரல்கள் ஒன்றோடொன்று மோதின. இருவர் ஒரே கிளாஸ் கோப்பைத் திருத்தியிருந்தால், பின்னர் இடப்பட்டது முன்னதை அழித்துவிடும். ரிசுகாமி என்பவரின் மாட்லோடரும், 2011இல் தோன்றிய ஃபோர்ஜும் இதற்கு வழிகண்டன. மூலக் கோப்புகளை ஒவ்வொருவரும் தனித்தனியே திருத்துவதை விடுத்து, 'இந்த நிகழ்வின்போது எனக்குத் தெரிவி' என்று பொது இடைமுகத்திடம் கேட்டுக்கொள்ளும் முறை உருவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவும் வேலை, கோப்பை 'மாட்ஸ்' என்னும் கோப்புறையில் இடுவதாகச் சுருங்கியது.

ஆயினும் மற்றொரு மோதல் எஞ்சியது. ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டையும் அப்போது எண்ணாலேயே அறியப்பட்டது. எண் ஒரு பைட்டில் சேமிக்கப்பட்டதால் 0 முதல் 255 வரையே இடம். 2012இல் 1.2 பதிப்பின் 'ஆன்வில்' சேமிப்பு முறை அவ்வெல்லையை 4096 ஆக உயர்த்தியது. அப்போதும் இரு மாற்றுநிரல்கள் ஒரே எண்ணைக் கோரினால் ஆட்டம் நின்றுவிடும். விளையாடுபவர் அமைப்புக் கோப்புகளைத் திறந்து, எண்களைத் தாமே மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பொறி உண்டு: கட்டையல்லாத பொருளுக்கு அமைப்புக் கோப்பில் 5000 என்று எழுதினால், ஆட்டத்தில் அது 5256 ஆகத் தோன்றும், கட்டைகளுக்கு ஒதுக்கிய முதல் 256 எண்களை நிரல் தானே கூட்டிக்கொள்ளும். பல மாற்றுநிரல்களைச் சேர்த்துத் தொகுப்பாக வெளியிட்டவர்களின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வெண்களை ஒழுங்குபடுத்துவதிலேயே கழிந்தது.

2013இல் வெளியான 1.7 பதிப்பு எண்ணிலிருந்து பெயருக்கு நகரத் தொடங்கியது. 2018இன் 1.13 பதிப்பில் கட்டைகளின் எண்கள் முற்றாக மறைந்தன. அதன்பின் கல் என்பது 'மைன்கிராஃப்ட்:ஸ்டோன்'. வேறொரு மாற்றுநிரலின் கல்லுக்கு அந்த மாற்றுநிரலின் பெயரே முன்னொட்டாக வரும். ஒரே பெயருடைய புலவர்களை ஊர்ப்பெயர் சேர்த்துப் பிரித்தறிந்த மரபை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. எண்களைப் பங்கிட யாரேனும் ஒருவர் நடுநின்று ஒப்புதல் தர வேண்டும். முன்னொட்டுடைய பெயர்களுக்கு அத்தேவை இல்லை. முன்பின் அறியாத நூறு பேரின் ஆக்கங்கள் ஒரே உலகில் மோதலின்றி வாழ முடிந்ததற்கு இம்மாற்றம் ஒரு முதன்மைக் காரணம்.

மாற்றுநிரலாளர் ஆக்கங்கள் மூல ஆட்டத்துக்குள்ளும் சென்றன. 2011 ஜூனில் வந்த பீட்டா 1.7இன் பிஸ்டன், முதலில் விளையாடுவோர் ஒருவரின் மாற்றுநிரல். 2013இல் சேர்ந்த குதிரைகள், 'மோ கிரீச்சர்ஸ்' மாற்றுநிரலை உருவாக்கியவரின் துணையோடு வந்தவை. கடன்சொல் நாளடைவில் மொழியின் சொந்தச் சொல்லாவதைப் போல, இவை வெளியிலிருந்து வந்தவை என்பதே இன்று பலருக்குத் தெரியாது.

உரிமை பற்றிய கேள்வி இத்தனை இணக்கமாகத் தீரவில்லை. பலர் சேர்ந்து விளையாடும் வழங்கிகளுக்காக 2010 இறுதியில் தொடங்கிய பக்கிட் திட்டத்தின் முதன்மையாளர்களை 2012இல் மோஜாங் பணியில் அமர்த்தியது. 2014 ஆகஸ்டில் அத்திட்டத்தை முடித்துக்கொள்வதாக அதன் தலைவர் அறிவித்தபோது, திட்டம் ஏற்கெனவே தனக்குச் சொந்தம் என்று மோஜாங் தெரிவித்தது. ஊதியமின்றி உழைத்த பங்களிப்பாளர்கள் பலருக்கு இது புதிய செய்தி. செப்டம்பரில் அவர்களுள் ஒருவர் பதிப்புரிமை அறிவிக்கை விடுத்தார். அவருடைய வாதம் எளிது: கிராஃப்ட்பக்கிட் என்னும் வழங்கி நிரலில் கட்டற்ற உரிமத்தின்கீழ் அளிக்கப்பட்ட தம் நிரலும், மோஜாங்கின் மூடிய நிரலும் கலந்திருக்கின்றன, அவ்வுரிமம் இக்கலப்பை ஏற்காது. கிராஃப்ட்பக்கிட்டின் பதிவிறக்கம் நின்றது. எண்ணற்ற வழங்கிகள் நம்பியிருந்த அடித்தளம் ஒரு கடிதத்தால் ஆட்டங்கண்டது. அதே மாதத்தில்தான் மோஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தொடர்ந்து நடந்த ஸ்பிகட் திட்டம், ஆயத்த நிரலை வழங்குவதை விட்டு, பயனரின் கணினியிலேயே மூலத்தை இறக்கித் திருத்தங்களைச் சேர்க்கும் கருவியை வழங்கியது. எம்சிபி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்த வழியும் அதுவே.

இவ்வச்சம் அகராதிகளின் உருவாக்கத்திலும் தெரிந்தது. எம்சிபியின் பெயர்ப்பட்டியலைப் பிறர் விரும்பியவாறு மறுபகிர்வு செய்ய இயலாது. ஃபேப்ரிக் குழுவினர் தொகுத்த 'யார்ன்' அகராதியோ முழுப் பொதுவுரிமையில் விடப்பட்டது. எம்சிபியின் பெயர்களையோ மோஜாங்கின் பெயர்களையோ பார்த்து எழுதக்கூடாது என்பது அதன் பங்களிப்பாளர்களுக்கான விதி. ஒரே நூலுக்கு, ஒருவர் அகராதியை மற்றவர் பாராமல் எழுதிய இரண்டு அகராதிகள்!

2019 செப்டம்பரில் மோஜாங் தன் அசல் பெயர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. ஊகங்கள் எந்த அளவுக்குச் சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வாய்ப்பளித்தது. மாற்றுநிரலாளர்கள் பல ஆண்டுகளாக 'வேர்ல்டு' என்றழைத்த கிளாஸின் அசல் பெயர் 'லெவல்'. ஆட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் உலகம் எல்லையுடைய சிறு பரப்பாக இருந்தது. அக்காலத்திலேயே வழங்கிய பெயர் அது. உலகம் எல்லையற்று விரிந்த பின்னும் உள்ளே பழஞ்சொல்லே நிலைத்தது. வெளியே இருந்தவர்கள், கண்ட பொருளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தனர். வரலாறு அறியாமல் இட்ட பெயர், பொருளைத் தெளிவாகக் காட்டுவதில் அசலை விஞ்சியது.

2025 அக்டோபர் இறுதியில், ஜாவா பதிப்பின் பெயர்மறைப்பை முற்றாகக் கைவிடுவதாக மோஜாங் அறிவித்தது. இனி வரும் பதிப்புகள் அசல் பெயர்களோடே வெளிவரும். புதிதாக மாற்றுநிரல் எழுதும் மாணவருக்கு இது நன்மையே. ஆனால் தன்னார்வலர்களின் அகராதிகள் இதனால் பயனற்றவையாகிவிடவில்லை. 1.7.10, 1.12.2 போன்ற பழைய பதிப்புகளுக்கென எழுதப்பட்டு இன்றும் விளையாடப்படும் மாற்றுநிரல்களின் உள்ளே எம்சிபியின் நிலைத்த இடுகுறிகளே பதிந்துள்ளன. அப்பட்டியல்கள் தொலைந்தால் அந்நிரல்களைப் படிக்கும் வழி அடைபடும். உலகம் முழுவதும் புனைபெயர்களுக்குப் பின்னிருந்து உழைத்தவர்கள் தொகுத்த இச்சொற்கோவைகள் எந்த நூலகத்தின் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. நிறுவனம் தன் பெயர்களைத் திறந்துவிட்ட இவ்வேளையில், பெயரில்லாத காலத்தில் பெயரிட்டவர்களின் ஏடுகளையும் ஆவணமாகக் காப்பது அவசியம்.