நீக்கல் முறை: இருமாறி நேரியல் சமன்பாடுகள்

இரண்டு மாறிகளைக் கொண்ட இரண்டு நேரியல் சமன்பாடுகளில், ஒரு மாறியின் கெழுக்களைச் சமப்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அந்த மாறியை ஒழித்துவிட்டு விடை காண்பது நீக்கல் முறை. இன்று காரைக்கால் அரசுப் பள்ளிகளில் 10ஆம் வகுப்புக் கணித நூலின் 3ஆம் அத்தியாயத்தில் இது வருகிறது. எக்ஸ், ஒய் குறியீடுகளோடு சேர்த்தே கற்பிக்கப்படுவதால், இதை ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு என்று எண்ணுவது இயல்பு. காரைக்காலைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு ஒரு முகாந்திரமும் உண்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயரிடம் இருந்த காலம் போக, 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. நீக்கலைத் தனிக் கோட்பாடாக விரித்து 1779இல் நூல் எழுதிய பெசூவும் பிரெஞ்சுக்காரரே. ஆனால் குறியீடு வேறு, முறை வேறு. குறியீடே இல்லாமல் இம்முறை தென்னாட்டில் வழங்கியதற்கு உறுதியான சான்று இருக்கிறது.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ 850இல், சமண அறிஞர் மகாவீரர் ‘கணிதசாரசங்கிரகம்’ எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியா அதைப் பதிப்பித்து மொழிபெயர்க்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு: 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றின் விலை என்ன? பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கி, சிறிய தொகையைச் சிறிய எண்ணிக்கையால் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, எண்ணிக்கைகளின் வர்க்க வேறுபாட்டால் வகுக்கச் சொல்கிறது விதி. 963இலிருந்து 707 போனால் 256; 81இலிருந்து 49 போனால் 32; வகுத்தால் நாரத்தை 8, அதைக் கொண்டு விளாம்பழம் 5. முதல் கூற்றை 9ஆலும் இரண்டாவதை 7ஆலும் பெருக்கும்போது இரண்டிலும் விளாம்பழம் 63 ஆகிறது. கழித்ததும் அது மறைகிறது. விதியின் உயிர் அந்த 63இல்தான் இருக்கிறது.

எண்ணிக்கைகள் இடம் மாறி வரும் தனி வகைக்கு மட்டுமே இவ்விதி பொருந்தும், பொதுமுறை ஆகாது என்று மறுக்கலாம். விதியின் சொற்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சமப்படுத்திக் கழிக்கும் செயலுக்கு அந்த இடமாற்றம் தேவையே இல்லை. அது பெருக்க வேண்டிய எண்களை எளிதாக்குகிறது, அவ்வளவே. மேலும், 628இலேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் பல தெரியா எண்களுக்கு நிறங்களின் பெயரிட்டு, ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் வழியைப் பொதுவாகக் கூறிவிட்டார். முதன்மை உரிமை இந்தியாவுக்கு என்று இதைக் கொண்டு வாதிடவும் முடியாது: சீனரின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூல் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, எண்ணுகுச்சிகளை நிரல் நிரலாகப் பரப்பி, மூன்றும் அதற்கு மேலும் தெரியா எண்கள் கொண்ட கணக்குகளைத் தீர்த்தது. மாறாக, அன்றைய ஐரோப்பியப் பாடநூல்களில் இப்பாடம் விடுபட்டிருப்பதை 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் கண்டார்; அவர் எழுதிச் சேர்த்த பகுதி 1707இல்தான் அச்சேறியது. மகாவீரர் விதிக்கு உண்மையான எல்லை வேறு: இரு பழங்களின் எண்ணிக்கையும் சமமானால் வர்க்க வேறுபாடு சுழியாகும், வகுக்க வழியில்லை. அப்போது இரு கூற்றுகளும் ஒரே செய்தியைச் சொல்லும், அல்லது ஒன்றுக்கொன்று முரண்படும். எந்த முறையாலும் தனி விடை காண முடியாது.