தொழில்முறைப் பரிமாற்றத் திட்டங்கள் (கொங்கு நாடு)

பணியில் இருக்கும் பொறியாளர், மருத்துவர், ஆலை அலுவலர் போன்றோர் சில வாரங்களோ மாதங்களோ வேறு நாட்டுத் தொழிலிடத்தில் தங்கிப் பழகித் திரும்பும் ஏற்பாடுகள் தொழில்முறைப் பரிமாற்றத் திட்டங்கள் எனப்படும். பட்டம் பெறுவது இவற்றின் நோக்கமன்று. செலவை அரசோ, தொண்டு அமைப்போ, அனுப்பும் நிறுவனமோ ஏற்கும். கோவை வட்டாரத்தில் இந்தப் போக்குவரத்து இரு திசையிலும் நடக்கிறது. எந்திரம் செய்யக் கற்க வெளியே ஆள் அனுப்பிய ஊருக்கே இன்று நூற்பும் கை அறுவைச் சிகிச்சையும் கற்க வெளிநாட்டார் வருகின்றனர்.

வெளியே சென்றவர்கள்

திட்டம், உதவித்தொகை என்ற பேச்சே இல்லாத காலத்தில் சொந்த முயற்சியில் ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தவர் கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு (1893–1974). 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டுத் தொழிலைத் தொடங்கிய அவர், பொறியியல் கல்வியை ஆண்டுக்கணக்கில் இழுப்பது வீண், குறுகிய காலச் செயல்முறைப் பயிற்சி போதும் என்று வாதிட்டார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. குறுகிய காலப் பயிற்சி போதும் என்ற, அரசு ஏற்காத அவருடைய வாதத்தைப் பிற்காலப் பரிமாற்றத் திட்டங்கள் தம்மையறியாமலே பின்பற்றின எனலாம்.

1962இல் லட்சுமி மெஷின் வொர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து நூற்பாலை எந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. இத்தகைய ஒப்பந்தங்களில் வரைபடம் மட்டும் வந்தால் போதாது. எந்தப் பாகத்தை எந்த வரிசையில் பூட்டுவது, எங்கே கைப்பக்குவம் வேண்டும் என்பதெல்லாம் அருகில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

வளரும் நாட்டுத் தொழில்துறையினருக்குப் பயிற்சி தர ஜப்பானில் 1959இல் தொடங்கப்பட்ட ஏஓடிஎஸ் அமைப்பு வேறொரு முறையைக் கொண்டது. நீண்ட காலப் பயிற்சிக்கு வருபவர் முதலில் பயிற்சி மையத்தில் 6 அல்லது 13 வாரம் ஜப்பானிய மொழியும் பழக்கவழக்கமும் கற்பார். அதன்பிறகே தொழிற்சாலைக்குள் விடுவார்கள். திரும்பி வந்தவர்களைப் பழைய மாணவர் சங்கங்கள் இணைக்கின்றன. சென்னையிலுள்ள ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் அவற்றுள் ஒன்று. ஜப்பானிய மொழி வகுப்புகளும் அங்கு நடக்கின்றன. கைசென் (தொடர் மேம்பாடு), 5எஸ் (பணியிட ஒழுங்கு) போன்ற சொற்கள் பட்டறைச் சுவர்வரை வந்ததற்கு இத்தகைய பயிற்சிகளும் வாகன நிறுவனங்களின் நெருக்குதலும் சேர்ந்தே காரணம்.

ரோட்டரியின் குழு ஆய்வுப் பரிமாற்றம் 1965இல் தொடங்கி 2013இல் முடிந்தது. ஒரு ரோட்டரியர் தலைமையில், 25 முதல் 40 வயதுக்குட்பட்ட தொழில்துறையினர் சிலர் நான்கு முதல் ஆறு வாரம் இன்னொரு நாட்டு ரோட்டரி மாவட்டத்தில் உறுப்பினர் வீடுகளில் தங்கி, தத்தம் தொழில் சார்ந்த இடங்களைப் பார்ப்பார்கள். தலைவரைத் தவிர மற்ற எவரும் ரோட்டரியராகவோ அவர்களின் நெருங்கிய உறவினராகவோ இருக்கக்கூடாது என்ற விதி கொங்குச் சூழலில் கவனிக்கத்தக்கது. குடும்பத் தொழில்கள் நிறைந்த ஊரில் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் முதலாளியின் மகனுக்கே வாய்க்கும். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும் இந்த விதி ஓர் இடம் ஒதுக்கியது.

உள்ளே வந்தவர்கள்

இந்திய அரசு 1964 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ஐடெக் திட்டம், வளரும் நாட்டு அலுவலர்களின் விமானக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், படிச்செலவு ஆகியவற்றை ஏற்று அவர்களை இந்திய நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அவ்வாறு பயிற்சி அளிப்பவற்றுள் கோவையின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் (சிட்ரா, 1956) ஒன்று. ஜவுளிப் பரிசோதனை, ஆலை மேலாண்மை போன்றவை பாடம். ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்தால் சுற்றிலும் ஆலைகள் இருப்பது இந்தப் பயிற்சிக்குப் பெரிய வசதி.

மருத்துவத்தில் முதலிடம் கங்கா மருத்துவமனைக்கு. 1978இல் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் தொடங்கிய இது, மகன்கள் எஸ். ராஜசேகரன் (எலும்பு, முதுகுத்தண்டு), எஸ். ராஜா சபாபதி (பிளாஸ்டிக், கை அறுவை) ஆகியோர் காலத்தில் உலக அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பயிற்சிக்கு வரும் இடமானது. காரணம் ஊரின் தொழில்தான். விசைத்தறி, வார்ப்படம், பிரஸ், நெடுஞ்சாலை எல்லாம் சேர்ந்து நசுங்கிய கைகளையும் தோல் பிய்ந்த எலும்பு முறிவுகளையும் நாள்தோறும் அனுப்புகின்றன. எந்திரங்களுக்கு முறையான காப்புகள் பொருத்திய நாட்டின் மருத்துவர் பல ஆண்டுகளில் பார்ப்பதை இங்கே சில மாதங்களில் பார்த்துவிடலாம். அவருக்கு அது அனுபவம், தொழிலாளிக்கு விரல். பயிற்சிக் குறிப்பேடுகளில் முன்னது மட்டுமே பதிவாகிறது.

அந்த அனுபவத்திலிருந்து 2006இல் வெளியானதே கங்கா மருத்துவமனைத் திறந்த காய மதிப்பெண் முறை. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு, நோயாளியின் பொது நிலையையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 14 அல்லது அதற்குக் குறைந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது கூடினால் அகற்றுவது நல்லது. 15, 16 வந்தால் மருத்துவர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். பயிற்சிக்கு வருபவர் இதன் கணக்கை நோயாளியின் படுக்கையருகில் நின்றே கற்கிறார்.

பங்கேற்பாளர்மீதான விளைவுகள்

திரும்பியவர்களிடம் முதலில் மாறுவது கண். தன் தொழிலிடத்தில் இதுவரை இயல்பாகத் தோன்றிய கழிவும் தாமதமும் உறுத்தத் தொடங்கும். அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். இளநிலைப் பொறியாளர் சொல்லி எந்திர அமைப்பு மாறுவது அரிது. உரிமையாளரே போய் வந்தால் அடுத்த மாதமே மாறிவிடும். நிறுவனங்கள் ஒரே தொழிலிடத்திலிருந்து இருவரையோ மூவரையோ அனுப்பினால் இந்தச் சிக்கல் குறையும்.

திரும்பாமல் போவோரைப் பற்றிய அச்சம் இரு தரப்பிலும் உண்டு. அமெரிக்காவின் ஜே-1 பரிமாற்ற விசாவில் செல்வோரில் ஒரு பகுதியினர் குடியேற்ற விசா கேட்கும் முன் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். உள்ளூர் நிறுவனங்கள் இத்தனை ஆண்டு வேலை செய்வதாகப் பாண்ட் எழுதி வாங்குகின்றன. பாண்ட் முடிந்ததும் பக்கத்து நிறுவனத்துக்குப் போகிறவரை முதலாளிகள் இழப்பாகவே எழுதிக்கொள்கிறார்கள். வட்டாரத் தொழிலுக்கோ அது இழப்பில்லை. கோவையின் பம்ப், மோட்டார் பட்டறைகளில் நுட்பம் பரவியதே கைதேர்ந்தவர்கள் இடம் மாறியதால்தான்.

மோல்டர், ஃபிட்டர், தறி ஓட்டுபவர் ஆகியோர் இத்திட்டங்களில் இடம்பெறுவது குறைவு. ஆங்கிலத் தேர்ச்சியும் பட்டமும் கேட்கும் விண்ணப்பங்களே அவர்களை வாசலில் நிறுத்திவிடுகின்றன.