திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கான்செர்ட்டோ

மேற்கத்திய இசைக்குழு படம் எதையாவது உத்துப் பாருங்க. இடது பக்கம் வயலின் கூட்டம், வலது பக்கம் கால் நடுவுல செல்லோவை வச்சுக்கிட்டு சிலர். நடுவுல வயலின் மாதிரியே, ஆனா கொஞ்சம் பெரிசா ஒண்ணை தோள்ல தாங்கிட்டு சில பேர் இருப்பாங்க. அதுதான் வயோலா. நம்ம பாலமுரளிகிருஷ்ணா கூட இதை வாசிச்சவர்தான்.

மேலை நாட்டில வயோலாக்காரரைக் கிண்டல் பண்றதுக்குன்னே ஒரு ஜோக் பட்டாளம் இருக்கு. "வயலின் திருடு போகாம இருக்க என்ன செய்யணும்? வயோலா பெட்டிக்குள்ள வச்சிடணும்." அந்த ரகம். வயலினில் தேறாதவங்களை வயோலாவுக்குத் தள்ளிவிட்ட காலம் ஒண்ணு இருந்தது. தனிக் கச்சேரி? மூச்! கறிவேப்பிலை மாதிரி, இருந்தா மணம், ஆனா இலைக்கு வந்ததும் ஓரம் ஒதுக்கிடுவாங்க.

வாத்தியத்து மேலயும் கொஞ்சம் தப்பு உண்டு. வயலினை விட ஐந்து ஸ்வரம் கீழே இதோட சுருதி. அந்தக் கீழ்ச்சுருதி நல்லா முழங்கணும்னா உடம்பு இன்னும் ரொம்பப் பெரிசா இருக்கணும். ஆனா அவ்வளவு பெரிசா செஞ்சா தோள்ல வச்சு வாசிக்க முடியாது. அதனால சமரசமா ஒரு அளவு. குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி, மூக்கால பேசற மாதிரி. ஆனா வாசிக்கத் தெரிஞ்சவர் கையில அதுவே ஒரு தனி சோகம்.

இந்த வாத்தியத்தை மேடை நடுவுக்குக் கொண்டு வந்தவர் லயனல் டெர்டிஸ். 1876 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தில வெஸ்ட் ஹார்ட்டில்பூல்ல பிறந்தார். (செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் பிறந்ததும் அதே நாள், அதே வருஷம்! ஜோசியம் பார்க்கறவங்க குறிச்சுக்கங்க.) கிழக்கு ஐரோப்பாவில இருந்து குடியேறின யூதக் குடும்பம். பையன் முதல்ல கத்துக்கிட்டது பியானோ. அப்புறம் வயலின். லண்டன் ராயல் அகாடமியில படிக்கும்போது கூடப் படிச்ச ஒரு மாணவர் நால்வர் குழு ஒண்ணு அமைக்கப் பார்த்தார், வயோலாவுக்கு ஆள் கிடைக்கல. "நீ எடுத்துக்கயேன்" அப்படின்னார். எடுத்தார். அதோட சரி, அப்புறம் கீழேயே வைக்கல.

வாசிக்க ஆள் வந்தாச்சு. வாசிக்க என்ன இருக்கு? பதினெட்டாம் நூற்றாண்டுல டெலிமான், ஸ்டாமிட்ஸ் மாதிரி சிலர் எழுதினது. மொசார்ட் வயலினுக்கும் வயோலாவுக்கும் சேர்த்து எழுதினது ஒண்ணு. அப்புறம் பெர்லியோஸ் எழுதின 'ஹரால்ட் இன் இடலி'. அதுவும் தகராறுல பிறந்த குழந்தை. வயலின் மன்னன் பகானினி கேட்டதுக்காகத்தான் எழுத ஆரம்பிச்சார் பெர்லியோஸ். முதல் பகுதியைப் பார்த்த பகானினி, வயோலாவுக்கு இவ்வளவு இடத்துல ஓய்வா, நான் விடாம வாசிச்சுட்டே இருக்கணுமேன்னு ஒதுங்கிட்டார். 1834ல் வேற ஒருத்தர் அரங்கேற்றினார். 1838ல் அதைக் கேட்ட பகானினி, பெர்லியோஸ் முன்னாடி மண்டியிட்டு, இருபதாயிரம் ஃபிராங்க் பரிசும் அனுப்பினார். இந்தக் கதையை ஓரமா வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

டெர்டிஸ் கிட்டத்தட்ட வீடு வீடாப் போய்க் கேட்ட மாதிரி இசையமைப்பாளர்களைப் பிடிச்சார். யார்க் போவன் 1908ல் ஒரு கான்செர்ட்டோ கொடுத்தார். வான் வில்லியம்ஸின் 'ஃப்ளோஸ் கேம்பி' 1925ல் இவர் கையாலதான் அரங்கேறிச்சு. எல்காரோட செல்லோ கான்செர்ட்டோவையே வயோலாவுக்கு மாத்தி எழுதி, எல்கார் கிட்ட சம்மதமும் வாங்கிட்டார். 1930ல் எல்காரே இசைக்குழுவை நடத்த, இவர் வாசிச்சார். இதுக்கு நடுவுல ஐரோப்பா, அமெரிக்கான்னு பயணக் கச்சேரிகள்.

இப்படிப் போராடின ஆள் என்ன செஞ்சார் தெரியுமா?

வில்லியம் வால்டன்னு ஒரு இளைஞர். 1929ல் வயசு 27. நடத்துநர் தாமஸ் பீச்சம் யோசனை சொல்ல, டெர்டிஸை மனசுல வச்சு ஒரு வயோலா கான்செர்ட்டோ எழுதி அனுப்பினார். டெர்டிஸ் புரட்டிப் பார்த்தார். வந்த வேகத்துல தபால்லயே திருப்பி அனுப்பிட்டார். ரொம்ப நவீனம், நமக்கு ஒத்து வராதுன்னு.

முப்பது வருஷமா "எங்களுக்கு எழுதுங்கய்யா" அப்படின்னு கேட்டவர், வாசல் தேடி வந்த அந்தக் காலத்தோட மிகச் சிறந்த படைப்பை அடையாளம் தெரியாம அனுப்பிட்டார்! வால்டன் எப்படி நொந்திருப்பார்னு நினைச்சுப் பாருங்க.

பிபிசியில இருந்த எட்வர்ட் கிளார்க் வழி காட்டினார். ஜெர்மனியில பால் ஹிண்டமித், தானே இசையமைப்பாளர், தானே வயோலாக்காரர். அவர் ஒத்துக்கிட்டார். 1929 அக்டோபர் 3, லண்டன் குவீன்ஸ் ஹால், வால்டனே நடத்தினார். வால்டன் ஒரே ராத்திரியில பெரிய ஆள் ஆயிட்டார். அன்னிக்கு அரங்கத்துல உட்கார்ந்து கேட்டவங்கள்ல டெர்டிஸும் ஒருத்தர்.

எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம் நடந்ததுதான். "அப்ப எனக்கு உடம்பு சரியில்ல" அப்படின்னு மட்டும் சொல்லி அவர் தப்பிச்சிருக்கலாம். உடம்பு சரியில்லாததும் நிஜம்தான். ஆனா அதோட, வால்டனோட பாணி தனக்குப் பிடிபடலைன்னும், மறுத்ததுக்கு வெட்கப்படறேன்னும் சுயசரிதையிலயே எழுதி வச்சார். எழுதினதோட நிக்கல. தானே அந்தக் கான்செர்ட்டோவைக் கத்துக்கிட்டு மேடைகள்ல வாசிச்சார். பகானினி மண்டியிட்டது ஒரு நாள். இவரோடது பல கச்சேரி.

கதை இன்னும் முடியல. வில்லியம் ப்ரிம்ரோஸ், 1904ல் கிளாஸ்கோவில பிறந்த வயலின்காரர். 1928ல் பாரிஸ்ல டெர்டிஸோட சேர்ந்து அந்த மொசார்ட் இரட்டைப் படைப்பை வாசிச்சார். டெர்டிஸோட வயோலா நாதத்துல மனுஷன் விழுந்துட்டார். குரு இசாயும் தூண்ட, 1930ல் வயலினை விட்டுட்டு வயோலாவோட கிளம்பிட்டார். லண்டன் நால்வர் குழு, அமெரிக்காவில டாஸ்கனினியோட என்பிசி இசைக்குழு, அப்புறம் உலகம் சுத்தற தனிக் கலைஞர்.

ப்ரிம்ரோஸ் நியூயார்க்ல இருந்த பேலா பார்டோக்கைக் கேட்டார், எனக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதித் தாங்கன்னு. பார்டோக்குக்குத் தயக்கம். வயோலா தனியா என்ன செய்யும்னே தெரியாதேன்னு. அப்ப ப்ரிம்ரோஸ் ஒரு கச்சேரி வாசிச்சார். உடம்பு முடியாததால பார்டோக் நேர்ல வரல, வானொலியில கேட்டார். கேட்டது எது? அதே வால்டன் கான்செர்ட்டோ! மனசு மாறி எழுத ஒத்துக்கிட்டார். 1945 செப்டம்பர் 26ல் இறந்தப்போ விட்டுட்டுப் போனது குறிப்புத் தாள்கள் மட்டும். நண்பர் டிபோர் செர்லி கோத்துக் கொடுக்க, 1949 டிசம்பர் 2 அன்று மினியாபொலிஸில ப்ரிம்ரோஸ் வாசிச்சார். இன்னிக்கு வயோலா படிக்கிற பிள்ளைங்க யாரும் இதைத் தாண்டாம போக முடியாது.

டெர்டிஸ் 1937ல் கை வலியால மேடையை விட்டார். வாத்தியத்தை விடல. தோள்லயும் அடங்கணும், குரலும் நிறையணும்னு 'டெர்டிஸ் மாடல்' வயோலாவை வடிவமைச்சார். போர்க்காலத்துல மறுபடி வாசிக்க வந்தார். 1975ல் 98 வயசுல காலமானார். 1953ல் வந்த அவர் புத்தகத்துக்குத் தலைப்பு 'சிண்ட்ரெல்லா நோ மோர்'. அடுப்படியில கிடந்த பொண்ணு வெளியே வந்தாச்சுங்கற அர்த்தம்.

புதுசுக்காக ஆயுசு பூரா சண்டை போட்டவருக்கே, அதை விடப் புதுசு வாசல்ல வந்து நின்னப்போ அடையாளம் தெரியல. நமக்கெல்லாம் எத்தனை தடவை நடந்திருக்கும்! முதல் தடவை கேட்டுட்டு "இதெல்லாம் ஒரு பாட்டா?" அப்படின்னு ஒதுக்கினதை, பத்து வருஷம் கழிச்சு நடுராத்திரி தனியா உட்கார்ந்து கேட்டிருக்கேன் நான். தப்பு பண்ணாம இருக்கறது நம்ம கையில இல்ல. திரும்ப எடுத்து வாசிக்கிறது நம்ம கையில இருக்கு.

நீங்க அப்படி ஒதுக்கிட்டு அப்புறம் மண்டியிட்டது எது? பின்னூட்டத்துல சொல்லுங்க. யாரும் சிரிக்க மாட்டோம் :-)