அக்கரைச் சீமையின் எரிமலைக் கரை

கொண்டுவிக்கப் போன நகரத்தார் கால்பதித்த ஊர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். ரங்கூன், பெகு, பினாங்கு, மேடான், சிங்கப்பூர் என்று அவற்றை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அருகிலேயே இன்னொரு கோடும் ஓடுவது தெரியும். அரக்கான் கரையில் தொடங்கி அந்தமான், சுமத்ரா, ஜாவா என்று நீளும் கடலடிப் பள்ளம் அது. கடலடித் தட்டு அங்கேதான் பக்கத்துத் தட்டுக்கு அடியில் புதைகிறது. இரண்டும் சிக்கிக்கொண்டு திடீரென விடுபட்டால் பூகம்பம். புதைந்த தட்டிலிருந்து கசியும் நீர் மேலுள்ள பாறையை உருகவைத்து, அந்தக் குழம்பு மேலேறி வந்தால் எரிமலை. செட்டிநாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி விளைந்தது இந்தக் கரையோரத்தில்தான்.

1883 ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதும் காலை நேரம். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் எழும்பி அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கே பீரங்கி முழங்குவது போல ஒரு சத்தம். ஏதோ கப்பல் ஆபத்தில் சிக்கி உதவிக்குச் சுடுகிறது என்று எண்ணி, இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பித் தேடினார்கள். உண்மையில் வெடித்தது 800 கிலோமீட்டருக்கு அப்பால், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருந்த கிரகடோவா தீவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போயிற்று. 4,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோட்ரிக்ஸ் தீவிலும் அந்தச் சத்தம் கேட்டது.

மாண்டவர்கள் 36,000க்கும் மேல். பெரும்பாலோர் அந்த வெடிப்பு எழுப்பிய கடலலையில் போனவர்கள். சில இடங்களில் 30 மீட்டரைத் தாண்டி எழுந்த அந்த அலை, பெரௌ என்ற டச்சுப் போர்க்கப்பலைத் தூக்கிக் காட்டுக்குள் எறிந்தது. அன்று பிற்பகலே இலங்கையில் கடல் உள்வாங்கித் திரும்பியது. கிழக்குக் கரையில் பாணமை என்ற ஊரில் முகத்துவாரத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் அதில் அடிபட்டு இறந்தார். நாகப்பட்டினத்தின் அலைமானியிலும் அந்த அலை பதிவாயிற்று. எரிமலைத் தூசியால் செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. அந்த ஒளியை ஆராய்ந்த மிச்சி ஸ்மித் பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

இதே கண்ணோட்டத்தில் பெகுவையும் பார்க்க வேண்டும். 1930 மே 5 இரவு சகாயிங் என்ற நிலப் பிளவில் எழுந்த பூகம்பம் அந்த ஊரைச் சாய்த்தது; ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது. நம் வீடுகளின் தேக்குத் தூண்கள் வந்த பர்மா, இன்றும் அந்தப் பிளவின் மேல்தான் இருக்கிறது.

இந்திய மண்ணிலும் இந்தக் கோட்டில் விழித்திருக்கும் எரிமலை ஒன்று உண்டு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் பாரன் தீவு. ஏறத்தாழ 150 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி கக்கத் தொடங்கியது. ஆள் வசிக்காத தீவு என்பதால் அதை மறந்துவிடுகிறோம்.

2004 சுனாமிக்குப் பிறகு, 2007இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அதன் முதல் தகவல் பூகம்பமானிகளிலிருந்தே வருகிறது. கிரகடோவாவின் இடத்தில் 1927இல் தலைகாட்டிய அனாக் கிரகடோவா, 2018 டிசம்பர் 22 இரவு ஒரு பக்கமாகச் சரிந்து சுனாமியைக் கிளப்பியது. கரையில் இருந்தவர்களுக்கு நில நடுக்கமும் தெரியவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே எரிமலைத் தீவுகளையும் சேர்த்துக் கண்காணிப்பது அவசியம், பாரன் தீவிலிருந்தே தொடங்கலாம்.

தொண்டிக் கடல் இலங்கையின் மறைவில் இருப்பதால் நமக்கு ஓரளவு காப்பு உண்டு. நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் அது கிடையாது. அங்கே போகும் வாசகர்கள் இதை மனத்தில் வையுங்கள்: கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், நிலம் ஆடியிருந்தாலும் ஆடாவிட்டாலும், வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே மேட்டுப் பக்கம் ஓடுங்கள்.

(தொடரும்)