நாலு வகை ஆட்டோமேடிக் கியரும் நம் ஊர்ப் பக்கமும்

முழங்கால் வலி வந்த பிறகு ஆட்டோமேடிக் காருக்கு மாறியவர்கள் தாம்பரம் பக்கம் நிறையப் பேர். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வருவதற்குள் இடது கால் எத்தனை முறை கிளட்சை மிதிக்க வேண்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அப்படி வாங்கிய கார்களுக்கு இப்போது பத்து, பதினைந்து வயது ஆகிவிட்டது. ஒரு நாள் வண்டி நகர மறுக்கும். "கியர்பாக்ஸ் போச்சு சார், மாத்தணும்" என்பார்கள். சொல்லும் தொகை சில சமயம் காரின் இன்றைய விலையில் பாதிக்கு வந்துவிடும். பென்ஷனில் இருப்பவர் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டோமேடிக் என்பது ஒரே சாமான் அல்ல, நாலு தனித்தனிக் குடும்பம். ஒவ்வொன்றும் பிறந்த கதை தெரிந்தால் அதற்கு வரும் நோயும் தெரியும். இந்த நாலு வகையும் உள்ள கார்கள் நம் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலேயே உற்பத்தியாகியிருக்கின்றன என்பது இன்னொரு விசேஷம்.

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பக்கத்துக் கார் என்றால் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கம்பெனியின் கார்தான். 1961-ல் ஹெரால்டு வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதற்கு மூலமான பிரிட்டிஷ் ரோவர் காரில் ஆட்டோமேடிக்கும் உண்டு. நமக்குக் கிடைத்தது கையால் போடும் கியர் மட்டுமே.

முதல் குடும்பம் டார்க் கன்வெர்ட்டர். இதன் மூலக்கருத்து கப்பலிலிருந்து வந்தது. 1905-ல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினியர், கப்பலின் நீராவி டர்பைன் சக்தியைத் திரவத்தின் வழியாக விசிறிக்குக் கடத்த வழி கண்டார். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான். திரவ இணைப்போடு தானாகக் கியர் மாறும் ஏற்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேடிக் என்ற பெயரில் விற்றது. இருங்காட்டுக்கோட்டையில் உருவான பழைய ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10 ஆட்டோமேடிக் எல்லாம் டார்க் கன்வெர்ட்டர் வகைதான்.

இதற்கு ஆயில்தான் உயிர். 'டி' போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து வண்டி நகர்ந்தாலோ, எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டாலோ, முதலில் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக் உள்ள பல கார்களில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். எப்படி என்பது கார் புத்தகத்தில் இருக்கும். ஆயில் சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைப்பது கியர்பாக்ஸ் மாற்றுவதைவிட மலிவு. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே பிளேட் தேய்ந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ்மில்க் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றிக்கொண்டு போய் ஆயிலை வடித்துவிட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது சி.வி.டி. இதில் பல்சக்கர கியர் வரிசையே கிடையாது. அகலம் மாறும் இரண்டு கப்பியும் ஒரு பெல்ட்டும்தான். ஹாலந்தின் டாஃப் கம்பெனி 1958-ல் ரப்பர் பெல்ட்டோடு இப்படி ஒரு சிறிய காரைக் காட்டியது. பிறகு எஃகு பெல்ட் வந்தது. ஒரகடத்தில் தயாரான நிஸான் மைக்ராவில் 2013-ல் சி.வி.டி. கிடைத்தது. இதற்கென்று தனி ஆயில் உண்டு. "எல்லாம் ஒரே ஆயில்தான் சார்" என்று மற்ற ஆட்டோமேடிக்கின் ஆயிலை ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். பெல்ட் வழுக்கிக் கப்பியில் கீறல் விழும். பழைய வண்டியில் உறுமலோ நடுக்கமோ வந்தால், கடைசியாக எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பழைய பில்லை எடுத்துப் பார்ப்பது முதல் வேலை.

மூன்றாவது இரட்டைக் கிளட்ச். ஒரு கிளட்சுக்கு ஒற்றைப்படைக் கியர்கள், மற்றதற்கு இரட்டைப்படைக் கியர்கள். இதைக் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அதோல்ஃப் கெக்ரெஸ். ரஷ்ய ஜார் மன்னரின் கார்க் கொட்டகைக்குப் பொறுப்பாளராக இருந்து, பனியில் ஓட அரைச்சங்கிலி வண்டி செய்தவர். புரட்சிக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பி, 1930-களின் கடைசியில் இரட்டைக் கிளட்சை உருவாக்கினார். பிரெஞ்சு வழியில் படித்த நானே இவர் பெயரைப் பள்ளியில் கேட்டதில்லை. போர் வந்து வேலை நின்றது, 1943-ல் அவரும் காலமானார். அவர் எண்ணம் 2003-ல்தான் விற்பனைக்கான காரில் வந்தது.

மறைமலை நகரில் உருவான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் 2013-ல் இந்த வகை வந்தது. அதன் கிளட்ச் ஆயிலில் முங்காத உலர் கிளட்ச். ஊர்ந்து போகும் நெரிசலில் உலர் கிளட்ச் சூடாகும், வண்டி நடுங்கும். இந்தக் குடும்பத்துக் கியர்பாக்ஸ் பற்றி அமெரிக்காவில் வழக்குகளே நடந்தன. 2017-ல் வந்த புதிய எக்கோஸ்போர்ட்டில் டார்க் கன்வெர்ட்டர் வைத்துவிட்டார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் மாட்டிப் பிழை எண்ணை எழுதி வாங்க வேண்டும். கோளாறு கிளட்சிலா, அதை ஆட்டுவிக்கும் எலக்ட்ரானிக் பெட்டியிலா என்பது அதில்தான் தெரியத் தொடங்கும்.

நாலாவது ஏ.எம்.டி. சாதாரண கியர்பாக்ஸேதான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஓர் இயந்திரக்கை போடுகிறது. மாருதி 2014-ல் செலேரியோவில் கொண்டுவந்தது. ஒரகடத்தின் ரெனோ க்விட்டில் 2016-ல் வந்தது. மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்பவர்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் தீரும். தேய்ந்தால் கிளட்ச் மாற்றினால் போதும், கியர்பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை.

பல ஆட்டோமேடிக்குகளுக்குப் பொதுவான ஒரு சோதனையும் உண்டு. லிவர் 'பி'-யை விட்டு அசையவில்லை என்றால், பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பிரேக்கை மிதியுங்கள். பிரேக் மிதிபட்டதை வண்டிக்குச் சொல்வது பெடல் மேலுள்ள ஒரு சின்ன ஸ்விட்ச். சிவப்பு விளக்கை எரிய வைப்பதும் பெரும்பாலும் அதே ஸ்விட்ச்தான். எங்கள் தெருவில் ஒரு காருக்குக் கியர்பாக்ஸ் இறக்க நாளே குறித்துவிட்டார்கள். பார்த்தால் பிரேக் லைட் எரியவில்லை. சில நூறு ரூபாய் ஸ்விட்சோடு வேலை முடிந்தது. பேட்டரி பலவீனமானாலும் கியர் கோளாறு போலவே காட்டும்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு வந்தால் முதலில் அது எந்தப் பிரிவுக்குரியது என்று பார்ப்போம். காருக்கும் அதே முறைதான். உங்கள் வண்டி எந்தக் குடும்பம், ஆயில் எந்த நிறம், பிழை எண் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் கிடைக்கும்வரை கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.