வடசென்னையும் திரைப்பட, தொலைக்காட்சி முதுநிலைப் படிப்பும்

பட்டம் முடித்தவர்கள் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு நிர்வாகம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்வதற்காகப் படிக்கும் படிப்பு இது. இன்று சென்னையில் இதற்குப் பேர்பெற்ற நிலையங்கள் நகரின் தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. ஆனால் தமிழகத்தில் சினிமாத் தொழில் வகுப்பறைக்குள் வந்தது ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் எட்டிய தூரத்தில், பிராட்வேயில்தான்.

தொடக்கத்தில் இந்தத் தொழிலைக் கற்க வெளியூர் போக வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார், புனேவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கப் பழகினார். தங்கசாலைத் தெருவில் கிரவுன் தியேட்டர் நடத்திய ரகுபதி வெங்கையா தம் மகன் பிரகாஷை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பிரகாஷ் 1921-இல் 'பீஷ்ம பிரதிக்ஞை'யை எடுத்தார். 1934-இல் 'சீனிவாச கல்யாண'த்துக்கு ஒலிப்பதிவு செய்த மீனாட்சி நாராயணன் ஒலிப்பதிவுத் துறையின் முதல் பெண். அவரைப் பற்றிப் பாடநூல்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டும். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்த எல்லிஸ் ஆர். டங்கன், உடன் படித்த எம். எல். டாண்டனுடன் 1935-இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாத டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் (1936) ஒரு சிறு வேடத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். பின்னாளில் அரசுத் திரைப்படக் கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அக்கல்லூரியின் வேர் 1916-இல் தொடங்கிய மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல். பிராட்வேயில் இயங்கிய இப்பள்ளி, பட்டறைக்கும் அச்சகத்துக்கும் ரயில்வேக்கும் கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்ட காலத்தின் பிள்ளை. 1938-இல் அரசு தொழில்நுட்பப் பள்ளி எனப் பெயர் மாறியது. 1945-இல் இங்கு ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் பாடங்களாயின. அடுத்த ஆண்டு பள்ளி சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆனது. லேத்து ஓட்டக் கற்றவர்கள் நடமாடிய அதே வளாகத்தில் கேமராவும் பிரித்துப் பூட்டப்பட்டது. சினிமாவைக் கலையாக மட்டும் பார்க்காமல் கைவேலையாகவும் பார்த்த இந்தத் தொடக்கமே சென்னை ஒளிப்பதிவாளர்களின் பலத்துக்குக் காரணம். திரைத்துறையை ஆராய்ந்து 1951-இல் அறிக்கை தந்த எஸ். கே. பாட்டீல் குழு தேசிய அளவில் ஒரு பயிற்சி நிலையம் வேண்டும் என்றது. 1960-இல் புனேவில், பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில், திரைப்படக் கல்லூரி எழுந்தது.

1950-களின் பிற்பகுதியில் பாலிடெக்னிக் தரமணிக்குப் போனது, சினிமாப் பிரிவும் கூடவே போனது. பின்பு அப்பிரிவு தனி நிறுவனமானது. இருப்பது தரமணி என்றாலும் 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்' என்றே எல்லோரும் சொன்னார்கள். பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன், சுஹாசினி ஆகியோர் அங்கே படித்தவர்கள். அந்நிலைய மாணவர்களான ஆபாவாணனும் ஆர். அரவிந்தராஜும் 'ஊமை விழிகள்' (1986) படத்தைத் தந்தபோது, படித்து வந்தவர்களால் வணிகப்படம் எடுக்க முடியாது என்ற பேச்சு அடங்கியது.

திரைப்படக் கல்லூரிக்குப் போகாமல் வந்தவர்களும் உண்டு. வடசென்னையைக் களமாக்கிய 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகியவற்றின் இயக்குநர் பா. இரஞ்சித் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். 'வடசென்னை' (2018) இயக்கிய வெற்றிமாறன், புனேவில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தார். அந்த உதவியாளர் பயிற்சியையும் ஒரு முதுநிலைப் படிப்பாகவே கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சிக்குத் தனிப் பயிற்சி 1971-இல் டெல்லியில் தொடங்கி 1974-இல் புனேவுக்கு மாறியது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-இல் வந்தது.

தற்போது தரமணியில் இருப்பது நான்காண்டு இளநிலைப் பட்டம். முதுநிலைக்குப் புனே, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் (1995), சாலிகிராமம் எல்.வி. பிரசாத் அகாடமி போன்றவை உள்ளன; பெரும்பாலான பிரிவுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வெற்றிமாறன் தொடங்கிய திரை-பண்பாட்டு ஆய்வகம், வசதியற்ற குடும்பங்களின் பட்டதாரிகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதால், சாலிகிராமத்துக்குப் போகும் திருவொற்றியூர் மாணவர் சென்ட்ரலில் வண்டி மாறி வடபழனியில் இறங்கலாம்.